தாய்வீட்டு விதை

சீயமங்கலத்துக்கு வெளியூரார் வருவது கல்லைப் பார்க்க. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் இங்கே இருக்கிறது. அதில் செதுக்கியிருக்கும் ஆடவல்லான் தமிழகத்தின் மிகப் பழைய கல் நடராசர்களில் ஒருவர். குன்றின்மேல் பாறையில் பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி என்று 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். நின்றபடி தவம் செய்யும் பாகுபலியின் காலைச் சுற்றிக் கொடி ஏறியிருக்கிறது. இரண்டு பக்கமும் அவருடைய சகோதரிகள் நிற்கிறார்கள். செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் அப்படியே வடக்கே தேசூர்ப் பக்கம் வந்தால் இவற்றையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இந்தக் கோடையில் நான் போனது மண்ணில் படரும் கொடிகளைப் பார்க்க. கிணற்றில் தண்ணீர் இறங்கி, ஏரி காய்ந்து கிடக்கும் கத்திரி வெயிலிலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்தில் காய் பறிக்கிற பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பாய் நெய்வதையும் பானை வனைவதையும் கைத்தொழில் என்கிறோம். இவர்கள் செய்வதும் கைத்தொழில்தான். கற்றுக்கொள்ள ஆண்டுக்கணக்கில் ஆகிறது; சொல்லித்தர ஆள் வேண்டியிருக்கிறது; கை தப்பினால் காய் இல்லை.

நான் அதிகம் இருந்தது ஓர் ஆயாவின் வீட்டில். அந்த வைகாசியில் அங்கே பேத்திக்குக் கல்யாணம். மூத்த பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அத்தனை பரபரப்பிலும் ஆயா விடியற்காலை எழுந்து முதலில் போகும் இடம் தோட்டம்தான்.

கோடைத் தோட்டத்தின் முதல் பாடம் தண்ணீரைப் பிரிப்பது. துணி துவைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகிறது. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. புளித்த மோர் மிஞ்சினால் அதுவும் கறிவேப்பிலைக்கே. கீரைப் பாத்திக்கும் மிளகாய்க்கும் நல்ல தண்ணீர் மட்டும், அதுவும் வெயில் ஏறுமுன். பூசணிக் குழியின் நடுவில் பழைய மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நீர் ஊற்றி, மேலே ஓட்டால் மூடி வைத்திருந்தார். சுற்று மண் காய்ந்தால் பானைச் சுவர் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். வேர் தேடி வந்து பானையைச் சுற்றிக்கொள்கிறது. சொட்டுநீர்க் குழாய்க்கு முன்பே மனிதர்கள் கண்டுபிடித்த முறை இது. வறண்ட நாடுகள் பலவற்றில் உண்டு. பாத்தி முழுக்க மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையின் தோல் பரப்பியிருந்தது. மல்லாட்டை விளைகிற சீமையில் அதற்குப் பஞ்சமில்லை. மெதுவாக மக்கும், மண்ணை வெயிலில் வேக விடாது.

இரண்டாவது பாடம் பூ. நகரத்தில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "பூவாகப் பூக்கிறது, காய் ஒன்றும் வரவில்லை" என்பது. இதைக் கேட்டதும் ஆயா சொன்னார்: "வெயிலு காலத்துல ஆம்பளப் பூவாத்தாம்மா தள்ளும். கொடி பந்தல் ஏறுனதும் கொழுந்தக் கிள்ளிவுடு. பக்கக்கொடி வுடும், அதுலதான் பிஞ்சு புடிக்கும்." பகல் நீண்டு வெப்பம் கூடினால் பூசணிக் குடும்பத்தில் ஆண்பூ மிகும் என்பதை வேளாண் கல்லூரிப் பாடமும் சொல்கிறது. நுனி கிள்ளும் முறையும் அதில் உண்டு. ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை.

பூசணிப் பூ விடியலில் விரிந்து முற்பகலில் சுருங்கிவிடும். சுரைப் பூ பொழுது சாய்ந்துதான் விரியும். வெள்ளையாக இருப்பதால் இருட்டில் விட்டில் தேடி வரும். விட்டில் வராத நாளில் ஆயா ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பிஞ்சோடு இருக்கிற பூவின் நடுவில் தொட்டுத் தடவுகிறார். கல்யாணத்துக்கு வந்த உறவுப் பெண்களோடு பேசிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், இதைச் செய்தார். புடலையின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவதையும் அப்படித்தான் செய்தார். கட்டாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும்.

கல்யாணத்துக்கும் இந்தத் தோட்டத்துக்கும் இருக்கும் உறவு எனக்கு அங்கேதான் புரிந்தது. பின்கட்டில் வேலியோரம் கல்யாண முருங்கை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணப்பந்தலில் அரசாணிக்காலோடு கட்டிய கிளை. தாலி கட்டிய பிறகு அதைக் கொண்டுவந்து நடுகிறார்கள். ஈரம் இருந்தால் எளிதில் வேர்விடும். இது பெரியவள் கல்யாணம், இது தம்பி மகன் கல்யாணம் என்று ஆயாவின் மருமகள் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். ஒன்றின் இலைகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன. 2000களின் நடுவில் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்த ஒரு நுண்குளவி, இலைக்காம்பில் முட்டையிட்டுச் செய்கிற வேலை அது. அந்த மரத்தை வெட்ட ஆயாவுக்கு மனமில்லை. முடிச்சு விழுந்த கிளைகளைக் கழித்து எரித்துவிட்டு, தளிரை மட்டும் அடைக்குப் பறிக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்பு பாலிகை தெளிக்க வேண்டும். ஊறவைத்த நெல், பச்சைப்பயறு, உளுந்து, எள், கடுகு இவற்றைச் சுமங்கலிகள் மண்கிண்ணங்களில் இட்டுப் பாலும் நீரும் தெளிக்கிறார்கள். முளைத்த பயிரைப் பிறகு நீர்நிலையில் கரைக்கிறார்கள். அந்த விதைகளை ஆயா முன்னதாகவே ஈரத்துணியில் முடிந்து சோதித்திருந்தார். "மொளைக்காத வெதய பாலிகையில போடுவாங்களா? முன்னாடியே கட்டிப் பாத்துடுவன்" என்றார். சடங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீடுதோறும் ஒரு முளைப்புச் சோதனை நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. வீட்டு விதையின் உயிர் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல நாள் வேறில்லை. ஏனென்றால் கல்யாணங்கள் வைகாசி, ஆனியில் நடக்கின்றன, அடுத்தது ஆடிப்பட்டம். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. கைகள் விதைப்புக்கு ஓய்ந்து கிடைக்கும். புதுப்பெண் தாய்வீட்டுக்கு வருவதும் அந்த மாதத்தில்தான். திரும்பும்போது விதை எடுத்துக்கொண்டு போகிறாள்.

மருமகளின் தாய்வீடு தெள்ளாறு பக்கம். அவர் கொண்டுவந்ததுதான் பந்தலில் இருந்த குண்டுச்சுரை. "எங்க அம்மா வீட்டுக் கொடிக்கா, எங்க ஆயா காலத்துது" என்றார். கத்தரி விதை ஆயா வாழ வந்தபோது சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. கல்யாணமாகும் பேத்திக்காகச் சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு சிறு துணிமுடிச்சும் தயாராக இருந்தது. இந்த ஊர்களின் காய்கறி விதைகள் எங்கிருந்து எங்கே போயின என்று யாராவது வரைபடம் போட்டால், அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழிகளின் வரைபடமாகத்தான் இருக்கும்.

அந்த முடிச்சுக்குப் பின்னால் இருக்கும் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். முதல் காயை விதைக்கு விடுவதில்லை, கடைசிக் காயையும் விடுவதில்லை. நடுவில் காய்த்ததில் திரட்சியான ஒன்றுக்குத் துணி கட்டி விடுகிறார்கள். அதை வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். சுரை கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். குடுக்கையை உடைக்காமல் அப்படியே பரணில் வைத்துவிடுகிறார்கள். கத்தரிப் பழத்தைப் பிசைந்து, அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துகிறார்கள். பூசணி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் தட்டுகிறார்கள். துவரைக்குச் செம்மண் கட்டுகிறார்கள், வண்டு துளைக்காது. குண்டுச்சுரை போட்ட தெருவில் நீளச்சுரை போடக்கூடாது என்பது ஆயாவின் கண்டிப்பு. பூந்தூள் கலந்து, அடுத்த ஆண்டு இரண்டும் அல்லாத காய் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ருசி பார்ப்பது. சுரைக்காயை நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கில் வைக்காமல் யாரும் குழம்பில் போடுவதில்லை. கசந்தால் காய் குப்பைக்குப் போகும். அந்தக் கொடியில் விதை எடுப்பதே இல்லை. அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. கசந்த சுரைச்சாற்றை உடம்புக்கு நல்லது என்று குடித்து உயிரிழந்தவர்கள் இந்தியாவில் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நாக்கால் கழித்துக் கழித்து வைத்த கொடியின் காயைத்தான் நாம் பயமில்லாமல் சாப்பிடுகிறோம்.

வீட்டுத்தோட்டம் போடச் சொல்லி அரசுகளும் முயன்றிருக்கின்றன. 2022 ஜூனில் இலங்கை அரசு, உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னது. தமிழக அரசும் 2025இல் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கிக் காய்கறி விதைப் பொட்டலங்கள் கொடுத்தது. இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவை. ஆனால் நுனி எப்போது கிள்ளுவது என்பதைப் பொட்டலத்தில் அடைத்துத் தர முடியாது. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த முறை அதே காய் வராது என்பதையும் வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை.

ஆயாவைப் போன்றவர்களுக்கு அரசுக் கணக்கில் என்ன இடம்? தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலை மட்டும் செய்வோருக்கு 92, வீட்டு வேலையோடு வீட்டு உபயோகத்துக்குக் காய், விறகு, தீவனம் சேகரிப்போருக்கும் தைப்போருக்கும் 93 என்று எண். இரண்டு எண்ணுக்கு உரியவர்களும் உழைப்போர் கணக்கில் சேரமாட்டார்கள். மூத்த பேத்திக்குப் பிள்ளை பிறந்து, பத்தியச் சோற்றுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் பறித்த அன்றும் ஆயா அந்தக் கணக்கின்படி உழைப்போரில் சேராதவர்தான். இது தவறு. சந்தைக்குப் போனால் விலை, வீட்டில் உண்டால் வேலையே இல்லை என்று சொல்லும் கணக்கை மாற்ற வேண்டும்.

கல்யாணம் முடிந்ததும் பந்தலின் சவுக்குக் கழிகளைப் பிரித்து ஆடிச் சுரைக்குப் பந்தல் போட ஒதுக்கினார்கள். பச்சைக் கீற்றுகள் மிளகாய் நாற்றங்காலுக்கு நிழலாயின.

உங்கள் அம்மாவின், அத்தையின் ஊரில் விதை வைத்திருக்கும் ஒருவராவது இருப்பார். ஆடிக்கு முன்னால் போய்க் கேளுங்கள். விதையோடு திரும்பிவிடாதீர்கள், அது எந்த ஊர்க் கொடி, யார் கொடுத்தது, எந்தப் பட்டத்தில் காய்த்தது, எப்போதாவது கசந்ததா என்பதையும் கேட்டு, பொட்டலத்தின்மேல் அவர் பெயரோடு எழுதி வையுங்கள்.