820 ஏக்கரில் விற்க முடியாத 12

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலக் கடலோரத்தில் விஸ்காசெட் என்றொரு ஊர். நாலாயிரம் பேர்கூட இல்லை. ஊருக்குத் தெற்கே, கடல்நீர் ஏறி இறங்கும் கழியை ஒட்டிய பெய்லி முனையில் மெய்ன் யாங்கி அணுமின் நிலையம் இருந்தது. 1972 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. 1996 டிசம்பரில் நின்றது. சுற்றிலும் 820 ஏக்கர் கம்பெனி நிலம்: பைன் காடு, பழைய பண்ணை, கரையோரச் சேறு. நிலையத்தை இடித்து அள்ளி முடித்து வருடங்கள் பல ஆகின்றன. நிலத்தின் கதை மட்டும் முடியவில்லை.

அந்த ஊரில் பிறந்தவர் ஒருவர் இன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் இருக்கிறார். நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய சில ஆண்டுகளில், இளைஞராக ஊரைவிட்டுக் கிளம்பியவர். மழை அரித்துப் பள்ளமாகிக் கிடந்த செம்மண்ணில் வரப்புக் கட்டி, கன்று நட்டு, தண்ணீர் சுமந்து வயதானவர். விழுப்புரத்துத் தமிழ் பேசுவார். ஊரில் தங்கை இருக்கிறார். ஓல்டு ஃபெரி ரோட்டில் பெற்றோர் விட்டுப்போன காட்டு நிலத்துக்கு ஒரு புரோக்கர் விலை கேட்கிறார், நேரில் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று தங்கை அழைக்க, நெடுங்காலத்துக்குப் பிறகு அவர் விஸ்காசெட் போனார்.

முதலில் கண்ணில் பட்டவை இல்லாமற்போன பொருள்கள்தான். ஷீப்ஸ்காட் ஆற்றங்கரையில் ஹெஸ்பர், லூதர் லிட்டில் என்ற இரண்டு பாய்மரக் கப்பல்கள் 1932 முதல் கைவிடப்பட்டுச் சேற்றில் சாய்ந்து நின்றன. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊருக்கு அவைதான் அடையாளம். உளுத்துச் சரிந்த மிச்சத்தை 1998-இல் அள்ளிவிட்டார்கள். அணு உலையின் கான்கிரீட் கூண்டை 2004 செப்டம்பர் 17 அன்று வெடிவைத்துச் சாய்த்தார்கள். அப்பா அந்தக் கட்டுமானத்தில் வெல்டிங் வேலை பார்த்தவர். அதனால் அந்த வெற்றிடத்தின் முன் அவர் வெகுநேரம் நின்றார்.

நிலையம் ஓடிய நாட்களில் ஊராட்சி வசூலித்த சொத்து வரியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரு கம்பெனி கட்டியது. வீட்டுக்காரர்கள் கட்டியது சொற்பம். பள்ளிக்கும் சாலைக்கும் பணத்தட்டுப்பாடு தெரியாது. 1980, 1982, 1987 என மூன்று முறை மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. நிலையத்தை மூடு என்ற கட்சி மூன்று முறையும் தோற்றது. கடைசியில் அதை மூடியது வாக்காளர் அல்லர், கணக்குப் புத்தகம். பழுதுபார்க்க ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று 1997 ஆகஸ்டில் கம்பெனியின் இயக்குநர் குழுவே முடிவெடுத்தது. அதற்குப் பிறகு அந்த வரிச்சுமை ஊர்க்காரர் வீடுகளின் மேல் வந்து இறங்கியது. நிலத்தை விற்றால் புதுத் தொழில் வரும், புது வரி வரும் என்று ஊர் நம்பியதற்குக் காரணம் இதுதான்.

நிலத்தைச் சுத்தம் செய்ததில் குறை சொல்ல முடியாது. ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு 25 மில்லிரெம்முக்கு மேல் கதிர்வீச்சு சேரக்கூடாது என்பது அமெரிக்க அரசின் விதி. மெய்ன் மாநிலம் தனிச் சட்டம் போட்டு அதை 10 ஆகக் குறைத்தது. அதிலும் நிலத்தடி நீர் வழியாக 4-க்கு மேல் கூடாது என்றது. உலைக் கலத்தைப் படகில் ஏற்றித் தென் கரோலைனாவின் பார்ன்வெல்லுக்கு அனுப்பினார்கள். 2005 வரை நடந்த இந்த வேலைக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் ஆனது. ஒரு மாநிலம் தன் மண்ணுக்காக இவ்வளவு கறாராக நிற்பது அரிது; அதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் எரிந்து முடிந்த யுரேனியம் எங்கும் போகவில்லை. சுமார் 12 ஏக்கர் வேலிக்குள், கான்கிரீட் மேடை மேல் 64 உருளைகள் நிற்கின்றன. அவற்றில் 60-இல் பயன்படுத்திய எரிபொருள். மீதி நான்கில் உலையின் உட்பாகங்களிலிருந்து வெட்டியெடுத்த கதிரியக்க உலோகம். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1998 ஜனவரி 31 முதல் இவற்றை மத்திய அரசு எடுத்துப்போகத் தொடங்கியிருக்க வேண்டும். நெவாடாவின் யக்கா மலையில் புதைப்பதாக இருந்த திட்டம் அரசியலில் சிக்கி நின்றுபோனது. ஆயுதம் தாங்கிய காவலும் பராமரிப்பும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர். வாக்குத் தவறிய அரசின் மேல் கம்பெனி வழக்குப் போட்டு, ஜெயித்து, நஷ்ட ஈடு வாங்கிக்கொண்டே இருக்கிறது. வழக்கில் ஜெயித்தாலும் உருளைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

“நம்ம மண்ணு சுத்தம்னு பேப்பர் இருக்கு. ஆனா வாங்க வர்றவங்க முதல்ல கேக்குறது அந்த உருளை எப்போ போகும்னுதான்,” என்றார் தங்கை. யார் பதில் சொல்வது?

வாங்க ஆள் வராமல் இல்லை. 2004 வாக்கில் ஓல்டு ஃபெரி ரோட்டுக்கு வடக்கே சுமார் 400 ஏக்கரை வெளிமாநிலத்து நிறுவனம் ஒன்று மொத்தமாக வாங்கியது. ஆற்றங்கரையில் 1941-இல் எழுந்து 1991-இல் மூடிய மேசன் அனல்மின் நிலையமும் அதே காலத்தில் கைமாறியது. படகுத்துறை, வீடுகள், கடைகள் என்று அங்கே ஒரு கடலோரக் குடியிருப்பு வரும் என்றார்கள். வரவில்லை. வரி பாக்கி ஏறியதும், பாக்கிக்காக மனைகளை ஊராட்சியே எடுத்துக்கொண்டதும்தான் மிச்சம். அணுநிலைய நிலத்திலோ 345 கிலோவோல்ட் மின்தளம் அப்படியே நிற்பதால், மின்சாரம் சார்ந்த திட்டங்களுக்கு அதன் மேல் எப்போதும் ஒரு கண். 2007-இல் நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் 700 மெகாவாட் நிலையம் ஒன்றை முன்வைத்தார்கள். அதற்காகக் கட்டட உயர வரம்பைத் தளர்த்தக் கேட்டபோது, வரிக்காக ஏங்கிய அதே ஊர் வாக்களித்து மறுத்துவிட்டது. அந்த வாக்குச்சீட்டில் முடியாது என்று குறித்தவர்களில் தங்கையும் ஒருவர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை தெரிந்தது.

அண்ணன் அதிக நேரம் கழித்தது ஈட்டன் பண்ணையில். அந்த 200 ஏக்கரைக் கம்பெனி விற்கவில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கும் கல்விக்கும் என்று செவாங்கி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. 1915-இல் சிறுவர் முகாமாகத் தொடங்கிய அமைப்பு அது. பறவைகளை அடையாளம் காண 1934-இல் கையேடு எழுதி உலகப் புகழ்பெற்ற ராஜர் டோரி பீட்டர்சன் இளமையில் அங்கே பிள்ளைகளுக்கு இயற்கை கற்பித்தவர். இப்போது காட்டுக்குள் நடைபாதை ஓடுகிறது. மீன்பிடிப் பருந்து வட்டமிடுகிறது. கடல் வற்றிய நேரத்தில், தூண்டில் இரைக்காகப் புழு தோண்டுகிறவர்கள் குனிந்தபடி சேற்றில் நகர்கிறார்கள். விஸ்காசெட்டின் பழைய பிழைப்புகளில் இது ஒன்று.

அண்ணனுக்கு இந்த நில விற்பனை பற்றி ஒரு கருத்து உண்டு. அதில் நியாயமும் உண்டு. 400 ஏக்கரை ஒரே கையில் கொடுத்தது பெரும் பிழை. வாங்கியவர் திட்டம் விழுந்தால் ஊரின் எதிர்காலமும் கூடவே விழுகிறது. துண்டு துண்டாக, உள்ளூர்க்காரர் வாங்கும் அளவில் விற்றிருக்கலாம். கழியோரத்தை யாருக்கும் விற்காமல் ஊர்ப் பொதுவாக வைத்திருக்கலாம். நிலையம் ஓடும்போதே அதை எழுதி வைத்திருக்க வேண்டும். வரிப்பணம் கொட்டிய காலத்தில் அதைக் கேட்க ஊருக்கு வலு இருந்தது. சென்னை விமான நிலையத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் அணுமின் நிலையம் உள்ள கல்பாக்கத்தைக் கடந்துதான் போகிறார். அங்கே சுற்றிலும் உள்ள ஊர்க்காரர்களிடமும் இதைச் சொல்லத் தோன்றுகிறது என்றார்.

பெற்றோர் நிலத்தைப் பற்றி இருவரும் சமையலறை மேசையில் பேசினார்கள். புரோக்கர் பின்னால் நிற்பது யார் என்று தெரியவில்லை. அக்கம்பக்கத்து நிலங்களையும் கேட்கிறாராம். அறக்கட்டளை ஏதாவதொன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணன். “நீ அங்க இருக்க. வரி கட்டுறது நான்,” என்றார் தங்கை. அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. கடைசியில், வாங்குகிறவர் பெயரும், அங்கே என்ன கட்டப்போகிறார் என்பதும் எழுத்தில் வராமல் கையெழுத்து இல்லை என்பதில் மட்டும் உடன்பட்டார்கள். கழியை ஒட்டிய பாகத்தைத் தனியே அளந்து பிரிக்க நில அளவையாளருக்குச் சொல்லியாகிவிட்டது. அதற்கான செலவும் அடுத்த ஆண்டு வரியில் பாதியும் ஆரோவில்லிலிருந்து வரும்.