வலைக்கு எங்கே இடம்?

வீக் எண்ட் ஆனா பாண்டிக்கு வண்டியைத் திருப்புற கோஷ்டியா நீங்க? பீச் ரோடு, காந்தி சிலை, நாலு போட்டோ, ஒரு ஐஸ்க்ரீம், ரிட்டர்ன்... அதானே? அடுத்த தடவை அப்படியே வடக்கே நடங்க. குருசுக்குப்பம் தாண்டினா வைத்திக்குப்பம். மாசி மகத்தன்னிக்கு மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார்னு சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குற கடற்கரை இது.

மத்த நாள்ல இது மீனவர் குப்பம். ஒட்டி ஒட்டி வீடுகள். ‘இவ்வளவு இடத்துல எப்படிக் குடித்தனம் நடத்துறாங்க?’னு தோணும். கொஞ்சம் நின்னு பாருங்க. வலையைச் சரிபண்றது, மீன் காய வைக்கிறது, பசங்க விளையாட்டு, பெண்கள் அரட்டை எல்லாமே வாசலுக்கு வெளியிலதான். நாலு சுவர் பாதி வீடு. மீதிப் பாதி மணல்!

அந்த மணல்லதான் சிக்கல். 1980-களின் கடைசியில, தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துல துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. இந்தக் கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறிச்சுது. வடக்கே கரை கரைய ஆரம்பிச்சுது. கருங்கல்லைக் கொட்டித்தான் ஊரைக் காப்பாத்தினாங்க. சரி, கருங்கல் மேல படகை ஏத்த முடியுமா, வலையை விரிக்க முடியுமா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கடலோரத்துலயும் இதே பாடம்தான். சுமார் 300 சதுர அடி வீடுகள், காங்கிரீட் கூரை, வரிசையா ஒரே அச்சு. உறுதியான வீடுங்கிறது நல்ல விஷயம். ஆனா நாகப்பட்டினம் பக்கம் சில ஊர்கள்ல, நிலத்தைச் சமப்படுத்தும்போதே நிழல் மரங்கள் காலி.

சூளையில சுடாம, 5 சதவீத அளவுக்கு சிமென்ட் கலந்து அழுத்தின மண்கல்லுல கட்டறதுக்குப் பக்கத்து ஆரோவில்லேயே பயிற்சி தர்றாங்க. செலவும் விறகும் மிச்சம். சூப்பர்தான்! ஆனா கல்லை மட்டும் மாத்திட்டு வாசலை மறந்தா, அதுவும் வெறும் பெட்டிதான்.

சிவில், ஆர்க்கிடெக்சர் மக்களே! ‘மீனவர் குடியிருப்பு’னு செமஸ்டர் ப்ராஜெக்ட் வந்தா, முதல்ல பெட்ரூம் வரையாதீங்க. திண்ணை, மரநிழல், வலை விரிக்க ஒரு பொது இடம், கடல் தெரியுற ஒரு தெரு... இதை வரைஞ்சிட்டு, மிச்ச இடத்துல சுவரை எழுப்புங்க.

சந்தேகம் வந்தா, காலையில படகு கரைக்கு வர்ற நேரமா வைத்திக்குப்பம் வாங்க. மார்க் போடறது ப்ரொபசர்தான், ஆனா குடியிருக்கப் போறது இவங்க!