கொலைகாரனின் கோடு

திங்கள், இரவு

மாரி மழை விட்டபாடில்லை. விதைப்பு முடிந்துவிட்டதால் வாசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை எடுத்தேன். துருக்கி மொழியில் 1998இல் வந்தது, ஜி. குப்புசாமியின் தமிழாக்கம் காலச்சுவடு வெளியீடு. 1591ஆம் ஆண்டு, பனி கொட்டும் இஸ்தான்புல். முதல் அத்தியாயத்திலேயே கிணற்றுக்குள் கிடக்கும் பிணம் பேசுகிறது. தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது.

1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலையும் மகிழடித்தீவும் கண்ட படுகொலைகளுக்குப் பிறகு, மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து இதை வாசிப்பவருக்கு அந்தக் குரல் வெறும் கதை உத்தியாகத் தோன்றாது. இன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.

புதன்

கடினமான நாவல்தான். 59 அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர் வந்து தன் கதையைச் சொல்கிறார். நாய், மரம், பொற்காசு, மரணம், சிவப்பு நிறம் எல்லாமே பேசுகின்றன. கொலைகாரன் கொலைகாரனாகவும் பேசுகிறான். ஓவியர்களில் ஒருவனாகத் தன் வழக்கமான பெயரிலும் வந்து பேசுகிறான். இரண்டும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியக் கூடாதென்று தன் பேச்சின் சாயலையே மறைக்கப் பார்க்கிறான். ஆட்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் வாசிப்பு ஓடத் தொடங்கியது.

வெள்ளி

கொலைக்கான காரணம் பிடிபடுகிறது. ஹிஜ்ரி 1000ஆம் ஆண்டையொட்டி சுல்தான் மூன்றாம் முராத் ஒரு புத்தகத்தை இரகசியமாக வரையச் சொல்கிறார். அதில் வெனிஸ் நகர ஓவியர்களின் முறை கலக்கிறது. பழைய ஹெராத் நகர ஓவிய ஆசான்களுக்குக் குதிரை என்றால் இறைவன் கண்ட குதிரை. கண்ணிழந்த பிறகும் கை அதை நினைவிலிருந்து வரைய வேண்டும். சொந்தப் பாணி என்பது அவர்களுக்குக் குறை. வெனிஸ்காரனோ ஒரு முகத்தை ஆயிரம் முகங்களுக்குள் அடையாளம் காணும்படி தீட்டுகிறான். இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் இரத்தம் சிந்துகிறது.

ஞாயிறு

மரபா, புதுப் பார்வையா என்ற இந்த வழக்கு படுவான்கரைக்குப் புதிதல்ல. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தனும் சி. மௌனகுருவும் மட்டக்களப்புக் கூத்தை, சுற்றிவர இருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து ஒருபக்கம் பார்க்கும் மேடைக்குக் கொண்டுபோனார்கள். அதனால் கூத்து உலகறிய வந்தது என்பார் ஒருசாரார். சமூகத்தின் கையைவிட்டுப் போனது என்பார் மறுசாரார். பின்னாளில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் களரியிலேயே ஊராரோடு சேர்ந்து கூத்தை மீளுருவாக்கினார்.

அயலில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் நாவலின் கதையைச் சொன்னேன். “கொப்பியில உள்ளதத்தான் எல்லாரும் ஆடுறம், மனே. ஆனா ஒருத்தன் கால வச்சாலே ஆரெண்டு எங்களுக்குத் தெரியும்” என்றார்.

செவ்வாய்

முடித்துவிட்டேன். கொலைகாரன் விட்டுச்சென்ற தடயம் ஒரு குதிரைப் படம். அதன் மூக்குத் துவாரம் கீறப்பட்டிருக்கிறது. தலைமை ஓவியர் ஒஸ்மான் அரண்மனைக் கருவூலத்தில் பழைய ஓவியங்களைப் புரட்டிப் புரட்டி அதன் மூலத்தைத் தேடுகிறார். பாணியே இல்லை என்று சாதித்த கையை அதன் பாணியே காட்டிக்கொடுக்கிறது. அண்ணாவியார் சொன்னதும் இதுதான்.

கொலைகாரன் யார் என்பதற்காக மட்டும் வாசிப்பவர் நூறு பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். மரபுக்குப் பணிகிற கையும் தன் கண்ணால் பார்க்கத் துடிக்கிற கையும் ஒரே ஓவியனுடையவை. அந்த வேதனையை இவ்வளவு கிட்ட நின்று காட்டிய நாவலை நான் வேறு வாசித்ததில்லை. கூத்தாடுகிறவர்களும் கூத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அவசரப்படாதீர்கள், ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும்.