கழற்றிப் பூட்டும் அறிவு

ஒரு சமுதாயம் தன் அறிவை எங்கே சேமித்து வைத்திருக்கிறது என்று அறிய விரும்புவோர் முதலில் நூலகத்தைத் தேடிச் செல்வது இயல்பு. அது தவறன்று. ஆனால் நூலகத்தோடு நின்றுவிடுவோர் பாதி விடையோடுதான் திரும்புவர். மறுபாதி அச்சேறாத அறிவு. அது பின்வளவுக் கொட்டில்களிலும், தெருவோரப் பட்டறைகளிலும், எண்ணெய்க் கறை படிந்த விரல்களிலும் இருக்கிறது. தமிழ் கற்பித்து வாழும் நாம் இவ்வுண்மையைக் கிண்ணியாவில், ஒரு பழைய மோட்டார் வண்டியின் பக்கத்தில் நின்று கற்றோம்.

அவ்வண்டி 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சமர்செற். எமது மாமாவுக்குரியது. கிண்ணியாவுக்கும் திருகோணமலை நகருக்கும் இடையே பாலம் இல்லாதிருந்த நாள்களில், துறையடியில் 'பாதை'க்காகக் காத்து நின்று, நீரைக் கடந்து, நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்ற வண்டி அது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எமது ஊர் ஆஸ்பத்திரியையே சிதைத்துச் சென்றபோது இவ்வண்டியும் உப்புநீரில் மூழ்கிற்று. பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் அழுதுகொண்டிருந்த ஊரில் ஒரு வண்டியைப் பற்றி எவர் நினைப்பார்? கிடுகுக் கொட்டிலொன்றில் அது துருவேறிக் கிடந்தது. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டு, ஊர் முழுவதும் பாலத்தைக் காணச் சென்ற நாளிலும் அது அசையவில்லை.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணங்காட்டி, அரசு வாகன இறக்குமதியை நிறுத்திற்று. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. புதியது வராத நாட்டில் பழையதன் மீது கண் விழுவது இயல்பல்லவா? ஊரிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். ஊரார் அனைவருக்கும் அவர் 'காக்கா'. எமது வகுப்பு மாணவன் ஒருவனும் அவருடன் வந்து சேர்ந்தான். பாடசாலை விடுமுறைகளில் வேலை தொடங்கிற்று.

இயந்திரம் இறுகிப்போயிருந்தது. காக்கா அவசரப்படவில்லை. பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு வீட்டுக்குச் சென்றுவிட்டார். பத்து நாள் ஊறிய பின்னர், முன்புறக் கைப்பிடியைச் செருகி, மெல்ல இப்படியும் அப்படியுமாக அசைத்தார். ஒரு விரற்கடை அசைந்தது. அன்று அதுவே போதும் என்றார். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து இருக்கையில் பொருத்தினார். உப்பு அரித்த தரைத்தகட்டை வெட்டியெடுத்து, எண்ணெய்ப் பீப்பாய்த் தகட்டை அளந்து ஒட்டினார். கிடைக்காத சிறு உறுப்புகள் கடைசல் பட்டறையில் பிறந்தன. கழற்றிய ஒவ்வொன்றும் சாக்கின் மீது வரிசையாகக் கிடந்தது. "சேர், கழட்டுறது லேசு. கழட்டின ஒழுங்க நெனவு வெச்சிக்கிறதுதான் வேலை" என்றார் காக்கா. இலக்கண ஆசிரியர் ஒருவர் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி எனப் பிரித்துக் காட்டும்போது இதைவிடச் சிறந்த விளக்கம் தர முடியுமா என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

உலகில் இத்தகைய வீட்டுப் பட்டறைகள் எண்ணற்றவை. அவற்றில் உழைப்போர் பலரின் கனவு, பழைய அமெரிக்க ஆடம்பர வண்டி ஒன்றை உயிர்ப்பிப்பதாகும். அவ்வண்டிகளுள் தலையாயது கடிலாக். அதன் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1908 இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் மூன்று கடிலாக் வண்டிகளை முற்றாகக் கழற்றி, உறுப்புகளையெல்லாம் ஒன்றாகக் கலந்து, அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று வண்டிகளைப் பூட்டினார்கள். அவை ஐந்நூறு மைல் பிழையின்றி ஓடின. எந்த உறுப்பும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதே அன்று அந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்தது. அதாவது, கழற்றிப் பூட்டத்தக்கது என்பதே பெருமை!

இலாபத்துக்கு அந்தப் பெருமை போதவில்லை. கடிலாக்கை 1909 இல் வாங்கிக்கொண்ட ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், அல்பிரட் சுலோன் தலைமையில், ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தை ஊன்றிற்று. 1927 இல் ஹார்லி ஏர்ல் என்பவரின் பொறுப்பில் தோற்ற வடிவமைப்புக்கெனத் தனிப் பிரிவே அமைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை உடையவனே பழையதாகக் கருதி வெட்கப்பட வேண்டும் என்பதே உள்நோக்கம். 1948 இல் போர் விமானத்தைப் பார்த்து வால்துடுப்புகள் முளைத்தன. 1959 இல் அவை உச்சத்தைத் தொட்டன. அத்துடுப்புகள் வண்டியை ஒரு முழமேனும் வேகமாக ஓட்டவில்லை. பக்கத்து வீட்டானைவிட நாம் உயர்ந்தோர் என்ற எண்ணத்தையே அவை ஓட்டின. இதே நிறுவனத்தின் ஆலைகளில் உழைத்தோர், தம் சங்கத்தை ஏற்கச் செய்வதற்காக 1936 டிசெம்பரின் இறுதியில் பிளின்ற் நகரில் இயந்திரங்களின் அருகிலேயே அமர்ந்தனர். நாற்பத்து நான்கு நாள் உறுதியாயிருந்து, 1937 பெப்ரவரி 11 இல் வென்றனர். பளபளப்பான வண்டியின் படத்தில் அந்தக் கைகள் தெரிவதில்லை.

வால்துடுப்பு உச்சத்தைத் தொட்ட அதே 1959 இன் தொடக்கத்தில் கியூபாவில் புரட்சி வென்றது. செல்வர்கள் பலர் கப்பலேறினர். அவர்களின் வண்டிகள் தங்கின. 1960 ஒக்டோபரில் அமெரிக்கா ஏற்றுமதியைத் தடுத்தது. 1962 பெப்ரவரியில் தடை முழுமையாயிற்று. ஓர் ஆணியும் வராத தீவில், கடிலாக்கும் பியூக்கும் செவ்ரோலேயும் என்னவாகியிருக்க வேண்டும்? துருக்குவியல் ஆகியிருக்க வேண்டும். ஆயின் அவை இன்றும் ஹவானா வீதிகளில் ஓடுகின்றன. பழைய கூட்டுக்குள் சோவியத் நாட்டு இயந்திரங்களைப் பொருத்தினர். இல்லாத உறுப்பை வீட்டிலேயே செய்தனர். முதலாளி ஒருவர் தனித்துப் பவனி வருவதற்கெனப் பிறந்த வண்டி, பலர் நெருங்கி அமர்ந்து வேலைக்குச் செல்லும் வாடகை வண்டியாயிற்று. ஓராண்டில் பழசாக வேண்டும் என்று வடிவமைத்த பொருளை அறுபது ஆண்டுக்கு மேல் ஓடவைத்தது எந்தப் பொறியியற் கல்லூரியும் அன்று. வீட்டு முற்றத்தில் உழைத்த கைகளே.

ஹவானாவரை செல்ல வேண்டுமா? 1990 இன் பின்னர் வடபுலத்தின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது, பெற்றோலும் பற்றரியும் அரிய பொருள்களாயின. அப்போது யாழ்ப்பாணத்தில் ஓடியவை ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகளே. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இப்பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவு. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. பிரசவ வேதனையில் துடித்த தாய்மாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த வண்டிகளுள் அப்புகை கக்கும் கிழட்டு வண்டிகளும் இருந்தன.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வறுமையை அழகென்று பாடுவது எமது நோக்கமன்று. தடையும் பஞ்சமும் கொடுமைகளே. 2022 இல் எமது மாவட்டத்து மக்கள் எரிபொருளுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றனர். விரிகுடாவின் மறுபுறம், சீனன்குடாவில், பிரித்தானியர் கட்டிவிட்டுச் சென்ற தொண்ணூற்றொன்பது பெருந்தாங்கிகளில் மிகப் பல காட்டுக்குள் வெறுமையாய்த் துருவேறிக்கொண்டிருந்தன. மீனவன் தோணியைக் கரையில் இழுத்துவிட்டு வெறுங்கலனுடன் வரிசையில் நிற்க, தாங்கிகள் கொடிபடர்ந்து நிற்பது எந்த நியாயத்தில் சேரும்? பழுதுபார்க்கும் கை திறமையானதென்பதற்காக, பழுதை உண்டாக்கும் ஏற்பாட்டை நாம் மன்னித்துவிட முடியாது.

மற்றொரு வகை மீட்டெடுப்பும் உண்டு. செல்வர் ஒருவர் பழைய கடிலாக்கை வாங்கி, பெரும்பணம் செலவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறத்தையும் தையலையும் அப்படியே வரவழைத்து, கண்காட்சியில் நிறுத்துகிறார். மழையில் அது நனைவதில்லை. எவரும் அதில் ஏறுவதில்லை. அதிலும் கைத்திறன் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் பொருளை அதன் பிறந்தநாளுக்குத் திருப்பி அனுப்புவது வேறு, மனிதரின் இன்றைய தேவைக்கு அதை மீட்டுக்கொடுப்பது வேறு. எமது வண்டி இன்று ஓடுகிறது. கதவின் நிறம் ஒன்று, மூடியின் நிறம் வேறொன்று. ஆனால் கண் மறைத்த மூதாட்டி ஒருவரை நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சத்திர சிகிச்சைக்கு ஏற்றிச் சென்று திரும்பிற்று.

அம்மாணவனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பரீட்சைத் தாள்கள் அவனைப் பற்றிச் சொன்னது ஒன்றே: 'சித்தியடையவில்லை.' அவனோ இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டான். கட்டுரைப் பாடத்தில் ஐந்து வரியைத் தாண்டாத அவனிடம், இறுகிய இயந்திரம் எவ்வாறு இளகியது என்று எழுதும்படி சொன்னோம். மூன்று பக்கம் எழுதினான். எழுத்துப்பிழைகள் இருந்தன, கருத்துப் பிழை ஒன்றேனும் இல்லை. முதலில் என்ன, பின்னர் என்ன, ஏன் அவ்வாறு என்ற தருக்க ஒழுங்கு, எமது வகுப்பில் முதற்பரிசு பெறும் கட்டுரைகளிலும் அரிது.

எமது முன்னோர் இதை அறியாதவரல்லர். புறநானூற்றின் 87 ஆம் பாட்டில், அதியமானின் வலிமையைச் சொல்ல வந்த ஔவையார் உவமைக்குத் தேடிச் சென்றது தச்சனின் பட்டறைக்கே: நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்லவன் ஒரு மாதம் முயன்று செய்த ஒரே சக்கரம். அரசனின் பெருமையை அளக்கும் அளவுகோலாகத் தொழிலாளியின் உழைப்பை வைத்த மொழி எமது மொழி. அம்மொழியைக் கற்பிக்கும் வகுப்பறைகளில், கையால் உழைப்பவனின் பிள்ளை பின்வாங்கிலில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறான். அவன் நாளை பாலைவன நாடொன்றில் பிறர் வண்டியைக் கழுவப் புறப்படுமுன், அவன் தலையில் ஏற்கெனவே இருக்கும் அறிவுக்குப் பெயர்சூட்டி, அதற்கு மதிப்பெண் இட நாம் ஆயத்தமா? ஆசிரியர்களும் மாணவர்களும் விடை சொல்லவேண்டிய வினா இதுவே.