இல்லை என்ற பதில்

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டின என் கம்ப்யூட்டர், பயாஸைப் புதுப்பித்ததும் எழுந்திருக்க மறுத்தது. விசிறி சுற்றியது. துவக்குவதற்கு டிஸ்க் இல்லை என்று திரையில் ஒரே வரி. உள்ளே, காலமாகிவிட்ட நண்பனின் அச்சேறாத கவிதைகள். வேறு பிரதி கிடையாது.

2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன; விமானங்கள் நின்றன. காரணம் வேறு. குருவிகுளத்தில் நின்றது இது ஒன்றுதான். சங்கரன்கோவிலுக்கு பஸ்ஸில் தூக்கிப்போக யோசித்து, பிறகு நானே திறந்தேன். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். கேபிளை மாற்றினேன். பயனில்லை.

பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிஸ்கின் பெயர் அங்கே இருக்கிறது. புதுப்பித்தல் என் அமைப்புகளை அழித்து யூஇஎஃப்ஐ முறையை மட்டும் வைத்திருந்தது. டிஸ்கோ பழைய எம்பிஆர் முறையில் பிரித்தது. புதிய முறை தனக்குத் தெரிந்த இடத்தில் தேடிவிட்டு இல்லை என்றிருக்கிறது. சிஎஸ்எம் என்ற ஒன்றை இயக்கினேன். எழுந்துவிட்டது.

அவனுடைய முதல் தொகுப்புக்கு நான்தான் மதிப்புரை எழுதினேன். இதில் கவிதை இல்லை என்று. அப்போது புதிதாகப் படித்திருந்த கோட்பாடு தேடச் சொன்ன இடத்தில் மட்டும் தேடியிருந்தேன். அவன் பதில் எழுதவில்லை. அன்று ராத்திரி அந்தத் தொகுப்பையும் எடுத்துப் படித்தேன். சில கவிதைகள் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு மூன்று, அப்போதே பிடிபட்டிருக்க வேண்டியவை.

அச்சேறாதவற்றுக்கு இப்போது இரண்டு பிரதிகள் இருக்கின்றன.