கடந்து செல்லும் ஜனாஸாவுக்காக எழுந்து நிற்றல்



ஜனாஸாவைப் பின்தொடர்ந்து செல்வதை, ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்றாக நம் மார்க்கம் வைத்துள்ளது. தொழுகை முடியும்வரை உடனிருப்பவருக்கு ஒரு கீராத் நன்மையும், அடக்கம் முடியும்வரை உடனிருப்பவருக்கு இரண்டு கீராத் நன்மையும் உண்டு என்றும், அவை பெரும் மலைகளைப் போன்றவை என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். மயிலாப்பூர், இராயப்பேட்டைப் பகுதிகளில் வாழும் நாம் இதை ஏட்டளவில் மட்டும் அறிந்தவர்கள் அல்லர். தெருவில் சந்தூக் வருமாயின் கடைக்குள் இருப்பவர் எழுந்து வந்து தோள் கொடுப்பார். பத்தடி நடந்தபின் அடுத்தவரிடம் ஒப்படைத்து விலகுவார். இறந்தவர் யார் என்று பல நேரங்களில் அவர் கேட்பதும் இல்லை.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான ‘அமரன்’ திரைப்படம் நம் இல்லங்களில் எழுப்பிய உணர்வுகளைப் பற்றி எழுத முற்படும்போது, இந்த வழக்கமே எங்கள் நினைவுக்கு முதலில் வருகிறது.

படத்தின் நாயகர் மேஜர் முகுந்த் வரதராஜன் நம் நகரத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்து 2006இல் இராணுவ அதிகாரியானவர். 2014 ஏப்ரல் 24 அன்று தமிழகம் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தது. விரலில் இட்ட மை காயும் முன்பே, மறுநாள், காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் அவர் உயிர் நீத்தார். அவருடன் சிப்பாய் விக்ரம் சிங்கும் வீழ்ந்தார். ஏப்ரல் 28 அன்று, பெசன்ட் நகர் மயானத்தில் முழு இராணுவ மரியாதையுடன் முகுந்தின் உடல் தகனம் செய்யப்பட்டது. அடையாற்றிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் நாம் அனைவரும் அறிந்த இடம் அது.

எங்கள் குடும்பத்தார் தி. நகரில் ஒரு திரையரங்கில் இப்படத்தைக் கண்டோம். தேசியக்கொடி போர்த்திய பெட்டி வீடு திரும்பும் காட்சிகளில் எங்கள் வரிசையில் அழாதவர் எவருமில்லை. பெரியவர்கள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டனர். இளைஞர்கள் இருளுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வீரரின் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ், பொதுவெளியில் கண்ணீரைக் காட்டாதிருக்கவே முயன்றார் என்பதை நாடறியும். 2015 குடியரசு நாளில் அசோக சக்கர விருதைப் பெற்றுக்கொண்டபோதும் அவர் நிமிர்ந்தே நின்றார். தம் துயரத்தை அன்று, தம் கணவர் எத்தகைய மனிதராக வாழ்ந்தார் என்பதையே மக்கள் காண வேண்டும் என்பது அவரது கருத்து.

அழுகையா, பொறுமையா என்று இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. தம் மகன் இப்ராஹீம் மடியிலேயே உயிர் பிரிந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் நனைந்தன. அதைக் கண்டு வியந்த தோழருக்கு, அது இரக்கத்தின் வெளிப்பாடு என்று விளக்கமளித்தார்கள். மார்க்கம் தடுத்தது ஓலத்தையும் ஒப்பாரியையுமே; கண்ணீரை அன்று.

எனினும் நம் வீடுகளில் கண்ணீர் மட்டும் எழவில்லை. மன வருத்தமும் எழுந்தது. காஷ்மீர் மக்கள் பெரிதும் வன்முறையாளர்களாகவே காட்டப்பட்டுள்ளனர் என்று முஸ்லிம் அமைப்புகள் சில கண்டனம் தெரிவித்தன. ஆழ்வார்ப்பேட்டையிலும் வேறு ஊர்களிலும் ஆர்ப்பாட்டங்கள் நடைபெற்றன. நடந்ததையே படமாக்கினோம் என்பது படக்குழுவினரின் தரப்பு. இந்த விவாதத்தில் தீர்ப்பு வழங்குவது எங்கள் நோக்கமன்று. ஆனால் திரையரங்கிலிருந்து வெளியே வந்தபோது எங்கள் வீட்டுச் சிறுவன் கேட்ட கேள்வியை மட்டும் ஒதுக்கிவிட இயலவில்லை. “அத்தா, அந்தப் பெட்டியில நம்மாளுங்க யாரும் வந்ததே இல்லையா?”

ஒரு பத்து வயதுப் பிள்ளை இரண்டரை மணி நேரம் அழுதபின், தான் அழுகின்றவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவனா, அஞ்சப்படுகின்றவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவனா என்று ஐயுற்று நிற்கிறான். இதற்கு விடை சொல்லும் பொறுப்பு எந்த இயக்குநருக்கும் உரியதன்று. பெற்றோராகிய நமக்கே உரியது. விடையும் நம்மிடமே உள்ளது.

முகுந்த் பணியாற்றியது 44ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் படைப்பிரிவில். அதே படைப்பிரிவில் பணியாற்றிய பூஞ்ச் மாவட்டத்து வீரர் அவுரங்கசீப், 2018 ஜூன் 14 அன்று பெருநாளைக் கொண்டாட ஊருக்குப் புறப்பட்டார். வழியில் தீவிரவாதிகளால் கடத்திக் கொல்லப்பட்டார். பெருநாள் அன்றே அவருடைய ஜனாஸா ஊரை அடைந்து நல்லடக்கம் செய்யப்பட்டது. தக்பீர் முழங்கும் அந்தக் காலைப் பொழுதில் ஓர் ஊரே கபரைச் சுற்றி நின்றதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும். அதே ஆண்டு நவம்பரில், அதே ஷோபியானில் உயிர் நீத்த லான்ஸ் நாயக் நசீர் அகமது வானி, குல்காம் மாவட்டத்துக் காஷ்மீரி முஸ்லிம். முகுந்துக்கு வழங்கப்பட்ட அதே அசோக சக்கரம் 2019இல் அவருக்கும் வழங்கப்பட்டது.

கார்கில் போரில், 1999 ஜூன் 6 அன்று துர்துக் பகுதியில் வீழ்ந்த கேப்டன் ஹனீஃபுத்தீனின் உடல் நாற்பது நாள்களுக்கும் மேலாகப் பனியிலேயே கிடந்தது. எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கிடையே அதை மீட்க இயலவில்லை. தம் மகனின் உடலுக்காக இன்னொரு தாயின் மகன் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று அவருடைய தாயார் கூறிவிட்டார். அதே போரில், 1999 மே மாத இறுதியில் படாலிக்கில் வீழ்ந்த நம் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணனின் உடலும் ஒரு மாதத்திற்கு மேல் கழிந்தபின்னரே கிடைத்தது. ஒரே கோடையில், ஒரே மலைத்தொடரில், இரு தாய்மார் ஒரே காத்திருப்பைச் சுமந்தனர்.

கார்கிலுக்கு முன்னர், போர்களில் வீழ்ந்தோரின் இறுதிக் கடன்கள் பெரும்பாலும் களத்திற்கு அருகிலேயே நடந்தன. 1965இல் பரம்வீர் சக்கரம் பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீது, தாம் போரிட்ட பஞ்சாபின் அசல் உத்தர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். உஹத் போரில் ஷஹீதானவர்களுள் சிலரை உறவினர் மதீனாவுக்குக் கொண்டுவந்தபோது, அவர்களை வீழ்ந்த இடத்திலேயே அடக்கம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை இங்கு நினைக்கிறோம். ஊர் வந்து சேர்வதும் சேராததும் சூழலைப் பொறுத்தது. வீழ்ந்தவரைத் தனியே விட்டுவிடாமல் மரியாதையுடன் ஒப்படைப்பதே எக்காலத்திற்கும் உரிய கடமை.

இக்கடமையை மட்டுமே பொருளாகக் கொண்ட அமெரிக்கத் திரைப்படம் ஒன்று உண்டு. 2009இல் வெளியான ‘டேக்கிங் சான்ஸ்’ என்னும் அப்படம், ஈராக்கில் இறந்த பத்தொன்பது வயது வீரன் ஒருவனின் உடலை, அவனை முன்பின் அறியாத மைக்கேல் ஸ்ட்ரோபல் என்ற அதிகாரி ஊர்வரை கொண்டு சேர்த்த உண்மைப் பயணத்தைச் சொல்கிறது. விமான நிலையப் பணியாளர்கள் அப்பெட்டியின் முன் அமைதியாக நிற்கின்றனர். நெடுஞ்சாலையில் செல்வோர் விளக்கேற்றி உடன் வருகின்றனர். ஈராக் போர் நியாயமா என்ற கேள்வி நமக்கு உண்டு. அங்கு மாண்ட ஈராக்கியக் குழந்தைகளை நாம் மறக்கவும் மாட்டோம். ஆயினும் அப்பெட்டியுடன் நடப்பவரைக் காணும்போது நம் தெருவில் சந்தூக்கிற்குத் தோள் கொடுப்பவரே நினைவுக்கு வருகிறார்.

இங்கே ஒரு வினா எழலாம். தொடக்கத்தில் கூறியது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யும் கடமையாயிற்றே. முகுந்துக்காக நம் உள்ளம் ஏன் உருக வேண்டும்? இதற்கான விடை ஹதீஸ் நூல்களில் உள்ளது. நபி (ஸல்) அவர்களை ஒரு ஜனாஸா கடந்து சென்றது, எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று தோழர்கள் கூறினர். அதுவும் ஓர் உயிர்தானே என்னும் பொருள்பட நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். வழிபாட்டு முறைகளில் நமக்கும் பிறருக்கும் எல்லைகள் உண்டு. எழுந்து நிற்பதற்கு அத்தகைய எல்லை இல்லை.

எனவே நம் கண்ணீரை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் மன வருத்தத்தை அதற்காக விழுங்கிவிட வேண்டியதும் இல்லை. ஒரு படைப்பில் குறையிருப்பின் கண்ணியமான சொற்களால் அதை எடுத்துரைப்போம். அதே நாவால் முகுந்தின் பெயரையும் அவுரங்கசீப்பின் பெயரையும் ஒருங்கே நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

பெட்டியின் மேலுள்ள தேசியக்கொடியை எரியூட்டவோ புதைக்கவோ கூடாது என்பது கொடி விதி. நம் சந்தூக்கின் மேலுள்ள போர்வையும் கபருக்குள் இறங்குவதில்லை. மரியாதையின் அடையாளங்கள் வெளியே நின்றுவிடுகின்றன. ஊர்வலத்தார் கலைந்து செல்கின்றனர். அதற்குப் பின் அவ்வீட்டில் மிஞ்சுவது மனைவியும் மக்களும், அன்று மாலை மூட்டப்படாத அடுப்பும்தான். முஅத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவருடைய பிள்ளைகளை அணைத்துக் கண் கலங்கினார்கள்; பின்னர், துயரத்தில் மூழ்கிய அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புமாறு மற்றவர்களைப் பணித்தார்கள்.

அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ நம் அண்டைவீட்டில் இழப்பு நேர்ந்தால், அவ்வீட்டார் எச்சமயத்தவராயினும் அன்றிரவு உணவு நம் வீட்டிலிருந்து செல்லட்டும். நாற்பது நாள்கள் கழிந்து யாரும் கதவைத் தட்டாத ஒரு மாலையில் நம் குடும்பப் பெண்கள் அங்கே சென்று சிறிது நேரம் அமர்ந்து வரட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான நல்லுள்ளத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.