மண் தின்ற துறை

மார்கழி மூடுபனி யமுனைக் கரை மகாவனத்தை விட்டு இன்னும் விலகவில்லை. எதிர்க்கரை தெரியவில்லை. ஆற்றில் எங்கோ ஒரு படகின் துடுப்பு தண்ணீரில் விழும் ஓசை மட்டும் கேட்கிறது. பிரம்மாண்ட காட் என்று இந்தப் படித்துறைக்குப் பெயர். மேல்படியில் கோணியை விரித்து, கம்பளியால் தலையை மூடிக்கொண்டு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு தட்டில் சாம்பல் நிறப் பேடாக்கள். மதுரா நகரத்துக் கடைகளில் குவித்து விற்கிற பால் பேடாவின் அதே அளவு, அதே தட்டை வடிவம். இவை யமுனை மண்ணைப் பிசைந்து, உருட்டி, காயவைத்தவை. வாங்குகிறவர்கள் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். மீதியைப் புடவைத் தலைப்பிலோ கைக்குட்டையிலோ முடிந்துகொள்கிறார்கள். காசை வாங்கும் மூதாட்டி ஒவ்வொருவருக்கும் தவறாமல் "ராதே ராதே" என்கிறார்.

இந்தத் துறையில்தான் கண்ணன் மண்ணைத் தின்றான் என்பது ஊர்க்கதை. பலராமனும் கூட விளையாடிய பிள்ளைகளும் ஓடிப்போய்க் கோள் சொன்னார்கள். யசோதை வந்து வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்த வாய்க்குள் மலையும் கடலும் விண்மீன்களும், அவற்றின் நடுவே தன் ஆய்ப்பாடியும், அங்கே நின்றுகொண்டிருக்கும் தானும் தெரிந்தன என்று பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் சொல்கிறது. அண்டம் தெரிந்த இடம் என்பதால் பிரம்மாண்ட காட். அப்படிக் கண்ட அடுத்த கணமே அவள் எல்லாவற்றையும் மறந்து பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மதுராவைச் சுற்றிய இந்தப் பிரஜ் வட்டார மக்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. வந்ததிலிருந்து பார்க்கிறேன், இந்தத் துறையில் அண்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மண்ணைப் பற்றித்தான் பேச்சு.

குஜராத்திப் பெண்கள் சிலர் படியிறங்குகிறார்கள். அவர்களில் வயதான ஓர் அம்மாள் பிரம்புக் கூடை ஒன்றை மார்போடு அணைத்திருக்கிறார். கூடைக்குள் பஞ்சு மெத்தை. மெத்தையில் உள்ளங்கை அளவில் பித்தளைக் குழந்தைக் கண்ணன், லட்டு கோபால். ஒரு கையை ஊன்றித் தவழ்கிற கோலம், மறு கையில் வெண்ணெய். குளிருக்குச் சிவப்புக் கம்பளிச் சட்டை, காதை மூடிய குல்லாய், காலுக்கு உறை. எல்லாம் கையால் பின்னியவை. ஆற்றுக் காற்று அடிக்கும் பக்கம் புடவைத் தலைப்பை இழுத்துக் கூடைக்கு மறைப்புக் கொடுக்கிறார். தன் தலையிலிருந்து அந்தத் தலைப்பு நழுவியதை அவர் கவனிக்கவில்லை. "குளிருதா லாலா?" என்று கூடைக்குள் பார்த்துக் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் பெண் சிரிக்கவில்லை. அவளும் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இழுத்து மூடுங்கள், அம்மா" என்கிறாள்.

பாடல் பெற்ற பெருங்கோயில்கள் பலவற்றின் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். வருகிறவர்களின் முகத்தில் ஒரு விண்ணப்பம் இருக்கும். வேலை, கல்யாணம், வழக்கு, நோய். இங்கே அந்த முகம் குறைவு. இங்கே வருகிறவர்களின் முகத்தில் இருப்பது கவலை. அவனுக்குப் பசிக்குமோ, குளிருமோ, கால் வலிக்குமோ என்கிற கவலை.

தமிழ்ப் பேச்சு காதில் விழுகிறது. யாத்திரைப் பேருந்தில் வந்தவர்கள். விடியற்காலையில் வண்டிக்குள்ளேயே திருப்பாவை சேவித்து முடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது மகாவனம் இல்லை, கோகுலமும் இல்லை, திருவாய்ப்பாடி. நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. பெரியாழ்வாரும் ஆண்டாளும் திருமங்கையாழ்வாரும் பாடிய ஊர். வில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வைத்து மாலை கட்டிய பெரியாழ்வார், தம்மை யசோதையாகவே வைத்துக்கொண்டு தொட்டில் ஆட்டினார், காது குத்தினார், பூச்சூட்ட அழைத்தார், நிலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். குழுவில் ஒரு பெரியவர் அதையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது.

அந்தக் குழுவில் ஓர் இளம்பெண். இப்போதுதான் ஒரு மண் பேடாவை வாங்கி, கண்ணை மூடிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் திறந்து பார்த்தால், கீழே இறக்கிவிட்டிருந்த மகன் படியோரத்து ஈரமண்ணை ஒரு பிடி எடுத்து வாய்க்குள் தள்ளியிருக்கிறான்.

"அய்யோ, துப்புடா! ஆ காட்டு, ஆ காட்டு!"

விரலை வளைத்து உள்ளே விட்டுத் தோண்டி எடுக்கிறாள். அவன் கத்துகிறான். மாமியார் பாட்டில் தண்ணீரோடு ஓடிவருகிறார். அவளுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்த யமுனை டெல்லியைக் கடந்து வருகிற யமுனை. அந்த மாநகரத்தின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து வந்து இங்கே படிகளைத் தொடுகிறது. கரையோரம் நுரை ஒதுங்கியிருக்கிறது. கண்ணன் காளியனை விரட்டிய ஆற்றில் இன்று ஒரு பிள்ளை கை நனைக்கத் தாய் பயப்படுகிறாள் என்றால், இத்தனை கூடைகளையும் குல்லாய்களையும் பின்னுகிற கைகள் ஆற்றுக்காகவும் கொஞ்சம் உழைக்க வேண்டாமா? நெஞ்சு பொறுக்கவில்லை.

பேடா விற்கும் மூதாட்டி எழுந்து வருகிறார். மொழி தெரியாத அந்தப் பெண்ணின் முதுகைத் தடவிக் கொடுக்கிறார். பிள்ளையின் கன்னத்து மண்ணைத் தன் கம்பளி நுனியால் துடைத்துவிட்டு, "ஒன்றும் ஆகாது மய்யா" என்கிறார். பிரஜில் தாயை மய்யா என்றுதான் அழைப்பார்கள். வாசலில் நிற்கும் எந்தப் பெண்ணும் அவர்களுக்கு மய்யாதான், எந்தப் பிள்ளையும் லாலாதான்.

பனி கலைந்து வெயில் வருகிறது. கோகுலத்துக்கும் மகாவனத்துக்கும் இடையே ரமண் ரேத்தி. கண்ணன் தோழர்களோடு புரண்டு விளையாடிய மணல் என்பதால் அந்தப் பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறார்கள். வெளிர் மணல், காலை வெயிலில் மேலே இளஞ்சூடும் உள்ளே குளிர்ச்சியுமாக இருக்கிறது. நெற்றியில் பூசிக்கொள்பவர்கள் உண்டு. பெரும்பாலோர் படுத்து உருள்கிறார்கள். கோட்டு அணிந்த ஒரு நடுவயதுக்காரர் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உருளத் தொடங்கினார். இரண்டு சுற்றில் வெட்கம் போய்விட்டது. அவருடைய மனைவி மணலை அள்ளி அவர் தலையில் கொட்டினார். எழுந்தபோது அவர் கண்களில் நீர்.

ஊருக்குள் மேட்டின்மேல் சௌராசி கம்பா. எண்பத்துநான்கு தூண்கள் என்பது பொருள். நந்தகோபனின் மாளிகை என்று வணங்குகிறார்கள். தூண்கள் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்தவை. ஒன்றின் செதுக்கல் மற்றொன்றில் இல்லை. ஊரும் பழையது. கஜினி மாமூது 1018-இல் மதுராவைத் தாக்கும் முன் மகாவனத்தைத்தான் பிடித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுராவின் கலெக்டராக இருந்த குரௌஸ், பழைய கோகுலம் இந்த மகாவனமே என்று எழுதினார். ஆற்றோரம் இன்று கோகுலம் என வழங்கும் ஊர், வைணவ குரு வல்லபாசாரியாரின் மகன் விட்டலநாதர் பதினாறாம் நூற்றாண்டில் குடியேறியதால் தழைத்தது. அங்கே சீராட்டப்பட்ட நவநீதப்பிரியர், வெண்ணெய் ஏந்திய குழந்தை, இன்று ராஜஸ்தானத்து நாத்துவாராவில் இருக்கிறார். ஔரங்கசீப் காலத்தில் கோவர்த்தனத்துக் கண்ணனான ஸ்ரீநாத்ஜியையும் மாட்டுவண்டியில் ஏற்றி, ஊர் ஊராக மறைத்து வைத்து, 1672-இல் அதே நாத்துவாராவில் சேர்த்தார்கள். நடுநிசியில் கூடையில் வைத்து வசுதேவர் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளையை, அடியார்கள் மறுபடியும் ஒருமுறை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். காப்பாற்றப்பட வேண்டியவன் என்று கடவுளை நினைத்த மனிதர்களால்தான் இது முடியும்.

மண்டபத்துக்குள் ஒரு தொட்டில். கயிறு வாசல் பக்கம் நீண்டிருக்கிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை இழுத்து ஆட்டிவிட்டு நகர்கிறார்கள். வேகமாக இழுத்த ஓர் இளைஞனின் கையைப் பின்னால் நின்ற கிழவி பிடித்து நிறுத்தினாள். "மெதுவா. தூங்குறான் இல்ல?" அவன் கயிற்றை விரல் நுனியால் தொட்டான்.

பேருந்துகள் நிற்கிற இடம். குஜராத்திக் குழுவின் வண்டியில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. அடுத்து கோவர்த்தனம், மாலைக்குள் நந்தகாவ், பர்சானா என்று வழிகாட்டி அவசரப்படுத்துகிறார். கூடைக்கார அம்மாள் மட்டும் கீழே, வேப்பமரத்தடித் திண்ணையில் கூடையை வைத்து, எவர்சில்வர் டப்பாவைத் திறக்கிறார். கல்கண்டும் வெண்ணெயும், சின்னக் கிண்ணத்தில் பாலும். துளசி இலை ஒன்றை மேலே வைத்துவிட்டுக் கைக்குட்டையால் திரையிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

"நேரமாகுது" என்று வழிகாட்டி டிரைவரைப் பார்த்தார்.

டிரைவர் என்ஜினை அணைத்தார். "லாலா சாப்பிட்டு முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தார். வழிகாட்டியும் பின்னாலேயே போனார்.